எல்லாம் தங்கள் கையில்

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

நானும் அப்பாவும் இங்கு நலம். உன் நலத்தையும் உன் மகள், நம் வாயாடியின் நலத்தையும் அறிய விழைகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டே பக்கம், ஒற்றுப்பிழைகளுக்கோ குறைவில்லை. 'வேலைக்கு போனேன்' அன்று, 'வேலைக்குப் போனேன்'. அந்தப் 'ப்' இல்லாமல் நீ வேலைக்குப் போவதைப் படிக்கும்போது, வாசலிலேயே எதையோ மறந்துவைத்துவிட்டுப் போகிறாய் என்று கூப்பிடத் தோன்றுகிறது. இன்னொன்று: மூத்தவர்களைக் கடிதத்தில் 'நீ' என்று எழுதுதல் முறையன்று. பேச்சில் எப்படியும் போகட்டும். எழுத்தில் 'தாங்கள்' என்று பழகு.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வாயில் மிஞ்சியிருப்பது 'சரி' என்ற ஒரே சொல். பசிக்கிறதா என்றாலும் சரி. வலிக்கிறதா என்றாலும் சரி. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அதற்கும் 'சரி' என்றார். அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேறு ஆளில்லாததால் உன்னை வந்து பார்க்கும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

அச்சகத்தில் இப்போது அரசாங்க வேலை. நாட்டின் அலுவலகங்கள் அனைத்துக்கும் பலகை, மூன்று ஆட்சிமொழிகளிலும்: 'இவ்வலுவலகத்தில் தங்கள் மொழியிலேயே உரையாடலாம். பணிவுடன் சேவை வழங்கப்படும்.' மூன்றிலும் பிழை திருத்தியவள், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பழைய புரூஃப் தாள்களையும் அகராதிகளையும் வைத்துத் தானே படித்துக்கொண்ட உன் அக்கா. முதலாளிக்கு அவற்றில் ஒன்றுதான் தெரியும், அதுவும் அரைகுறை. உன் ஊரில் அப்பலகையைக் கண்டால், அதன் கீழே நான் நிற்பதாக எண்ணிக்கொள்.

உன் கணவர் இருந்தவரை, தம் மொழியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வந்து, வீட்டுக்குள் நம் மொழியையே பேசினார். அவர் காலமான பிறகு நீதான் வெளியே பேசியாக வேண்டும். அவர் ஊராருடைய மொழியின் மரியாதைச் சொற்களை நம் எழுத்தில் எழுதித் தனித்தாளில் இணைத்துள்ளேன். உரக்கச் சொல்லிப் பழகு.

உன் நலம் நாடும்,
அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? அப்பாவுக்கு முதுகில் புண் ஆறியதா?

'தாங்கள்' என்றுதான் ஆரம்பித்தேன். சிரிப்பு வந்து பேனா ஓடிவிட்டது. என் தலையில் பேன் பார்த்த உன்னைத் 'தாங்கள்' என்று எழுதினால், வேறு யாருடைய அக்காவுக்கோ எழுதுவதுபோல் இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு.

உன் தாளை மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டல் சலவைக்கூடத்துக்குப் போனேன் (பார், 'ப்' போட்டுவிட்டேன்). இஸ்திரி மேசையில் என் எதிரே நிற்பவள் படுக்கைவிரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். அதைக் கொஞ்சம் இழுக்கச் சொல்ல வேண்டும். நீ எழுதியபடியே சொன்னேன்: 'இவ்விரிப்பை இழுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவள் விரிப்பையே கீழே போட்டுவிட்டாள்.

"ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! பஸ் ஸ்டாண்டு போர்டு வாயைத் திறந்து பேசுது!"

அன்றிலிருந்து என் பெயர் நோட்டீஸ். "நோட்டீஸ், டீ குடிக்க வர்றியா?" "நோட்டீஸ், இன்னிக்கு இங்க எச்சில் துப்பலாமா, கூடாதா?" கெட்டவர்கள் இல்லை. சிரித்துக்கொண்டே என் பங்கு விரிப்புகளையும் அவர்களே மடித்துவைத்துவிடுகிறார்கள்.

பகலில் வாயாடி என் நாத்தனார் வீட்டில். நாத்தனாருக்குப் பிள்ளையில்லை என்பது உனக்குத் தெரியும். ஊட்டிவிடுவதும் தலைவாரிவிடுவதும் பாட்டுச் சொல்லித்தருவதுமாக அவளுக்குப் பொழுது போவதே தெரிவதில்லை. இருட்டுவதற்குள் நான் போய்க் கூட்டிவந்துவிடுவேன். வழி முழுக்க என் தோளில் சாய்ந்து, காதுக்குள் நம் மொழியில் பேசிக்கொண்டே வருவாள். அறைக்கு வந்து சேர்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஒன்று கவனித்தேன். இவர்களும் நம்மைப் போலத்தான், வீட்டுக்குள் நன்றி சொல்வதில்லை. நீ எழுதித்தந்த நன்றியை நாத்தனாரிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "நான் என்ன வெளியாளா? நன்றி எல்லாம் வந்துட்டுப் போறவங்களுக்குச் சொல்றது" என்றாள். நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் இங்கே உண்டு. சொந்தம் என்றால் நீ.

அப்பாவின் காதில் என் பெயரைச் சொல்.

உன் தங்கை

*

பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். புண் ஆறிவருகிறது. உங்கள் நலத்துக்கு என் விழைவு.

எச்சில் துப்புவதைப் பற்றிய அறிவிப்பும் நான் பிழை திருத்தியதே. அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்களுடைய கொச்சையைக் கற்றுக்கொள்ளாதே. நம்மிடம் நகையில்லை, பட்டமில்லை. நாலு பேர் நடுவே போகும்போது உடுத்திக்கொள்ள நமக்கென்று இருப்பது நல்ல வாக்கியம் ஒன்றுதான். முதலாளி என்னை ஆரம்பத்தில் 'ஏய்' என்று கூப்பிட்டார். நான் ஒவ்வொரு முறையும் 'சொல்லுங்கள் ஐயா, கேட்கிறேன்' என்றேன். இப்போது 'அம்மா' என்கிறார். அவரை நான் திட்டியிருந்தால் இன்றும் 'ஏய்' என்றே இருந்திருப்பேன்.

நன்றியையும் விடாதே. வாடிய முகம் தானே மலரும்.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் குழந்தையும் நலம். நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடு.

நாத்தனாரின் கணவர், மருந்துக்கடைக்காரர், நேற்று என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"இந்தா பாரும்மா, உனக்கு இன்னிக்கு ஒரு ஷிப்டு, நாளைக்கு ஒரு ஷிப்டு. புள்ளையைத் தூக்கிட்டு அலையறே. எங்க வீட்டுலயே இருக்கட்டுமே? பள்ளிக்கூடத்துல நாங்களே சேர்த்துடறோம். நீ வந்து பார்த்துக்கிட்டுப் போ. யார் வேணாங்கறா?"

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சிரித்துவைத்தேன். நாத்தனார் அடுப்படியில் நின்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துப் பேசலாம் என்கிறார்கள். வார்டு அலுவலக எழுத்தர் அவர்களுக்குச் சொந்தம், அவரும் வருவாராம்.

அக்கா, பிள்ளையை நான் விடமாட்டேன். அவர் போன பிறகு எனக்கு மிச்சம் அவள் ஒருத்தி. ஆனால் பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்னால் வேலைக்குப் போக முடியாது. அவர்கள் மனமும் கோணக் கூடாது. பிள்ளையும் ராத்திரி என் பக்கத்தில் படுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருமாறு, பெரியவர்கள் முன்னால் சொல்லத்தக்க ஒரு வாக்கியத்தை அவர்கள் மொழியில் எழுதி அனுப்பு. எனக்குத் தெரிந்தது இஸ்திரி மேசைப் பேச்சு. அதை அங்கே பேசினால் குடும்ப மானம் போய்விடும்.

உன் தங்கை

*

மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமே விளைக.

இரவு பகலாக யோசித்தேன். நீ கேட்ட இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால், முதற்பாதி வாதாடுவதுபோல் ஒலிக்கிறது. உதவி செய்தவர்களின் முகத்துக்கு நேரே 'பிள்ளையை விடமாட்டேன்' என்பது பண்பன்று. அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும் என்பதை எந்த மொழிக்காரருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே உதவியை வேண்டும் இரண்டாம் பாதியை மட்டும் வைத்தேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நினைவிருக்கிறதா? டாக்டர் நம்மை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாம் இருவரும் கைகூப்பி, 'எல்லாம் உங்க கையிலதான் இருக்கு' என்றோம். அதன் பிறகுதானே அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார்? அதைவிடப் பணிவான வேண்டுகோள் உலகில் இருக்க முடியாது. அதையே சொல்லுக்குச் சொல் அவர்கள் மொழியில், அவர்களுடைய ஆக உயர்ந்த 'தாங்கள்' வடிவத்தில் அமைத்துள்ளேன்: 'என் குழந்தையைப் பொறுத்தவரை எல்லாம் தங்கள் கையில்.'

ஒவ்வொரு சொல்லையும் அகராதியோடு ஒப்பிட்டேன். இலக்கணத்தில் ஒரு மயிரிழை குற்றமும் இல்லை. எழுந்து நின்று சொல். நிறுத்தி, நிதானமாகச் சொல். ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. நாம் ஒன்றுமறியாதவர்கள் அல்லர் என்பதை அவர்கள் அறியட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமா?

நேற்று முன்தினம் நாத்தனார் வீட்டில் கூட்டம். மருந்துக்கடைக்காரர் நல்ல சட்டை போட்டிருந்தார். எழுத்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் பேசி முடித்து என் பக்கம் திரும்பினார்கள். எழுந்து நின்றேன். நீ எழுதித்தந்தபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னேன். நிறுத்தி, நிதானமாக.

அக்கா, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து நின்றார்கள். எழுத்தர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நாத்தனார் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். மருந்துக்கடைக்காரர் கூட மூக்கை உறிஞ்சினார். இவ்வளவு மரியாதை என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. உன் வாக்கியத்துக்கு இத்தனை சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

எழுத்தர் ஏதோ எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். உதவுவதாக ஒப்புக்கொண்டதைத்தான் எழுதுகிறார் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரே படபடப்பு. என் பெயரையும் எழுதினேன்.

அன்று குழந்தை அங்கேயே தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்றாள் நாத்தனார். நேற்று வேலை முடிய நேரமாகிவிட்டது. இன்று போய்க் கூட்டிவர வேண்டும்.

உன் தங்கை

*

மே 30

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலம் அறியாமல் தவிக்கிறேன்.

ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுதியவை வந்து சேர்ந்தனவா? சலவைக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேச முயன்றேன். எடுத்தவளிடம் 'என் தங்கையை அழைக்குமாறு வேண்டுகிறேன்' என்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ 'நோட்டீஸோட அக்கா!' என்று கூவினார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நீ லீவு என்று மிக மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த மரியாதைதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு வரி எழுது. பிழையோடு எழுது.

அக்கா

*

ஜூலை 11

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் ஆசியால் நலம். தாங்களும் அப்பாவும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமானமைக்குப் பொறுத்தருள்க.

குழந்தை பள்ளியில் சேர்க்கப்பட்டுள்ளாள். பள்ளிக்கு அருகில் என்பதால் நாத்தனார் வீட்டிலேயே தங்கிப் படிக்கிறாள். நல்ல முறையில் கவனித்துக்கொள்கிறார்கள். அறை வாடகை வீண் என்பதால் அதை விட்டுவிட்டுச் சலவைக்கூடத்தின் பெண்களோடு தங்கியிருக்கிறேன். குழந்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி உண்டு. குழந்தை நலம் என்றே கேள்விப்படுகிறேன்.

தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அப்பாவிடம் எதுவும் தெரிவிக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புத் தங்கை

*

ஜூலை 29

என் தங்கமே,

அப்பா நலம்.

சிவப்பு மையை எடுத்துவைத்துக்கொண்டு உன் கடிதத்தின் முன் உட்கார்ந்தேன். ஒரு பிழையும் இல்லை. எல்லா ஒற்றுகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மையை மூடிவைத்தேன். 'அனுமதி உண்டு' என்று எழுதியிருக்கிறாய். தாய் தன் பிள்ளையைப் பார்ப்பதற்கு எழுதுகிற சொல்லா இது? என்னைத் 'தாங்கள்' என்று எழுதாதே. நான் சொன்னதை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்ற வாரம் பெரிய மெஷின் நின்றுபோயிற்று. அதைப் பழுதுபார்க்க உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர். நம் பேச்சும் நன்றாக வருகிறது. அவர்கள் மொழியை நேருக்கு நேர் ஒருவரிடம் பேச எனக்கு வாய்த்தது அதுவே முதல் முறை. மறுநாளே தேர்தல் அச்சுவேலை முடிய வேண்டும் என்பதால், எல்லோரும் கேட்க, அவரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: 'எல்லாம் தங்கள் கையில்.'

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னம்மா, மெஷினையே எனக்குக் குடுத்துட்டீங்களா? முதலாளி, கேட்டுக்குங்க! எல்லாரும் சாட்சி! வண்டியை வரச் சொல்லுங்க, ஏத்திக்கிட்டுப் போறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன பொருள் என்று கேட்டேன்.

"எங்க பேச்சுல அது ஒரு பொருளைக் குடுத்து முடிக்கறப்ப சொல்றதும்மா. வீட்டை வித்தா, மாட்டை வித்தா, சாவியையோ கயித்தையோ நீட்டிக்கிட்டுச் சொல்லுவோம். இனிமே எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம். கெஞ்சறதுக்கு அதைச் சொல்ல மாட்டோம். 'என் கை காலி'ன்னு சொல்லுவோம்."

யாராவது தெரியாமல் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தெரியாம சொல்றவங்க தட்டித் தடுமாறிச் சொல்லுவாங்க. சிரிச்சுட்டு விட்டுடுவோம். உங்களை மாதிரி இவ்வளவு சுத்தமா சொன்னா, தெரியாம சொன்னதா யாரும்மா நினைப்பாங்க?"

அன்று அந்த வீட்டில் நீ சொன்னாயா? ஏப்ரலில் நீ எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நீயே சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்கா,

நலம். நீ நலமா? அப்பா?

நீ ஏன் வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்? நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. எழுந்து நின்றதோடு சரி. நாக்கு எழவில்லை. பெரியவர்களாகப் பேசி, அவர்களாக முடிவெடுத்தார்கள். உன் மேல் ஒன்றும் இல்லை. இனி அதைப் பற்றிக் கேட்காதே.

வார்டு அலுவலகத்துக்கு ரெண்டு முறை போனேன். உன் பலகை வாசலிலேயே இருக்கிறது, மூன்று மொழியிலும், பளபளவென்று. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மொழிதான் உட்கார்ந்திருக்கிறது. எழுத்தர் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். அது அவர் காதில் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. "மனசார குடுத்துட்டு இப்படி வரலாமா? உங்களுக்கு அங்க எப்பவும் மரியாதை உண்டும்மா" என்றார்.

மறுபடி போனபோது இஸ்திரி மேசைக்காரியைக் கூட்டிப்போனேன். அவள் உள்ளே வராமல் படியிலேயே நின்றுவிட்டாள். "குடுத்ததைத் திருப்பிக் கேட்கறதுக்கு எங்க பேச்சுல மரியாதையா ஒரு வார்த்தை கிடையாது நோட்டீஸ். நான் என்னன்னு கேட்பேன்?" என்றாள். அவளும் அழுதாள்.

இப்போது யாரும் என்னைக் கிண்டல் செய்வதில்லை. பிள்ளையில்லாத ஒருத்திக்குப் பிள்ளையைக் கொடுத்தவள் என்று நல்ல இஸ்திரிப் பெட்டியை எனக்கு விட்டுவைக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாயாடிக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டு போனேன். மஞ்சள். போட்டுப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. நாத்தனார் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் எதிரே வந்து காலைச் சேர்த்துவைத்து நின்று, அவர்கள் மொழியில், "உங்களுக்கு நன்றி" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள், அக்கா. நீ கேட்டிருந்தால் பாராட்டியிருப்பாய்.

உன் தங்கை

*

செப்டம்பர் 9

நீ சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். சரி.

ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீ எழுதியதுதான் சரி. நாம் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நான் சில நாளாக அச்சகத்துக்கு போகவில்லை. போனால் மூன்று மொழிகளும் என்னைப் பார்க்கின்றன. அந்த மெக்கானிக் மறுபடி நம் ஊருக்கு வந்து தங்கியிருந்த விடுதியைத் தேடிப் போனேன். மரியாதை துளியும் இல்லாத ஒரு சொல் வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். "நீங்க அதெல்லாம் கத்துக்கக் கூடாதும்மா" என்றார். வாசலை விட்டு நகரமாட்டேன் என்றேன். கடைசியில் சொல்லித்தந்தார். அவர்கள் மொழியில் 'கொடு'. தாங்கள் இல்லை, நீங்கள் இல்லை, தயவும் இல்லை. வெறும் 'கொடு'. அவர்கள் ஊரில் பெரியவர்களிடம் இப்படிக் கேட்டால் அறைந்தாலும் அறைவார்களாம். ஆனால் கேட்கிறவள் என்ன கேட்கிறாள் என்று யாருக்கும் சந்தேகம் வராதாம்.

கீழே நம் எழுத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டே எழுத்து. போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். பிள்ளை பக்கம் கையை நீட்டிச் சொல். முன்னால் எதையும் சேர்க்காதே. பின்னாலும் எதையும் சேர்க்காதே. அறைந்தால் வாங்கிக்கொண்டு இன்னொரு முறை சொல்.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்த மொழியிலும் தெரியவில்லை.

*

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும். அப்பாவை வேளாவேளைக்குத் திருப்பிப் படுக்கவை.

உன் கடிதம் வந்தது. 'அச்சகத்துக்கு போகவில்லை' என்று எழுதியிருந்தாய். ஒற்று விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

நீ அனுப்பிய சொல்லை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வாயாடி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். நாத்தனார் பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தை பக்கம் கையை நீட்டினேன். சொன்னேன். முன்னால் எதையும் சேர்க்கவில்லை. பின்னாலும் சேர்க்கவில்லை.  சொல் தெளிவாக இருந்தது.

 நாத்தனாரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, அக்கா. உள்பக்கம் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டாள்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? இன்னிக்குத்தான் நம்மளை வீட்டு மனுஷங்களா நினைச்சு, மரியாதையை விட்டுப் பேசியிருக்கா! இவ்வளவு நாளும் போர்டு மாதிரி பேசி என்னை வெளியாளாவே வெச்சிருந்தா!"

சொந்தம் என்றால் மரியாதை இல்லை என்று நான்தானே உனக்கு எழுதினேன். எனக்கே மறந்துபோயிருந்தது.

என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. குழந்தைக்குப் பின்னால் மேசைமேல் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "வெயில்ல நடந்து வந்திருக்கே, பாவம்" என்று டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தாள்.

அப்போது வாயாடி கிரேயானைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் விரலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் குனிந்தேன். முன்பு தோளில் சாய்ந்து பேசுவாளே, அதேபோல் காதுக்குள், ஆனால் அவர்கள் மொழியில் சொன்னாள்:

"அப்படிக் கேட்கக் கூடாது. 'தயவுசெய்து குடுங்க'ன்னு கேட்கணும். அப்பத்தான் குடுப்பாங்க."

நாத்தனார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்வதை ரசித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். குழந்தையும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் திருத்திச் சொன்னேன், அக்கா. தயவுசெய்து கொடுங்கள் என்றேன்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

உன் தங்கை